ஏரி நடுவே நிற்கும் கிரௌன் மணிக்கோபுரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீருக்கு நடுவில் ஒரு தேவாலய மணிக்கோபுரம் மட்டும் தனியாக நிற்கிற படத்தை வாட்ஸ்அப்பிலோ காலண்டரிலோ நீங்கள் பார்த்திருப்பீர்கள். பின்னால் பனிமலை, முன்னால் நீல ஏரி. "இது உண்மையா, கிராபிக்ஸா?" என்பதுதான் பெரும்பாலும் வருகிற முதல் கேள்வி. உண்மைதான். அந்தக் கோபுரத்தைப் பற்றி ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். படம் பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் அதன் அடியில் ஒரு ஊர் கிடக்கிறது. அதனால் சில பதில்கள் நீளமாக இருக்கும்.

இந்தக் கோபுரம் எங்கே இருக்கிறது?

இத்தாலியின் வடக்கு மூலையில், தெற்கு டிரோல் மாகாணத்தில். அங்கே வின்ஷ்காவ் என்று ஒரு நீண்ட பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் மேல்கோடியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ரெஷென் ஏரி. கோபுரம் நிற்பது இந்த ஏரிக்குள்தான். ஆஸ்திரிய எல்லையான ரெஷென் கணவாய் ஏரிக்கு வடக்கே இரண்டே கிலோமீட்டர். மேற்கு மலைமுகட்டைத் தாண்டினால் சுவிட்சர்லாந்து. ஊரின் பெயர் கிரௌன். இத்தாலிய மொழியில் குரோன் வெனோஸ்டா.

இரண்டு பெயர் ஏன்?

முதல் உலகப் போர் முடியும் வரை இந்தப் பகுதி ஆஸ்திரியாவோடு இருந்தது. மக்கள் பேசுவது ஜெர்மன். 1919-இல் கையெழுத்தான சான் ஜெர்மான் உடன்படிக்கைப்படி இது இத்தாலிக்குப் போனது. பிறகு வந்த முசோலினி ஆட்சி ஜெர்மன் பள்ளிகளை மூடியது, ஊர்ப் பெயர்களையெல்லாம் இத்தாலியப் பெயர்களாக மாற்றியது. இன்றைக்கு இரண்டு மொழிகளுமே அங்கே ஆட்சி மொழி, சாலைப் பலகைகளில் இரண்டு பெயர்களும் இருக்கும். பேச்சு வழக்கில் ஊர்க்காரர்களுக்கு அது கிரௌன்தான். இந்தப் பின்னணியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏரி வந்த கதையில் இது திரும்ப வரும்.

கோபுரம் எவ்வளவு பழையது?

14-ஆம் நூற்றாண்டு. புனித கத்தரீனாள் பெயரில் இருந்த பங்கு ஆலயத்தின் மணிக்கோபுரம் இது. சதுரமான கல் கோபுரம், மேலே கூம்பு, அதன் உச்சியில் சிலுவை. மேல் நிலைகளில் இரட்டை வளைவுச் சன்னல்கள்: ஒவ்வொரு சன்னலின் நடுவிலும் ஒல்லியான ஒரு கல் தூண், இருபுறமும் அரைவட்ட வளைவு. மணியோசை வெளியே போவதற்கான திறப்புகள் அவை. இன்று அவற்றின் வழியே மறுபக்கத்து வானம் தெரிகிறது, உள்ளே மணி இல்லை.

இந்த அரைவட்ட வளைவு ரோமனெஸ்க் பாணியைச் சேர்ந்தது. 14-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் கூர்வளைவுள்ள காதிக் பாணி நன்றாக வேரூன்றிவிட்டது. ஆனால் வின்ஷ்காவ் மாதிரியான மலைப் பள்ளத்தாக்குகளில் பழைய முறை லேசில் போகவில்லை. தாத்தா கட்டிய மாதிரியே பேரனும் கோபுரம் கட்டினார். மால்ஸ், புர்கைஸ் போன்ற பக்கத்து ஊர்களுக்குப் போனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த கோபுரங்களைத் தரையில் பார்க்கலாம். கிரௌன் கோபுரத்தின் சாயலைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை என்பது என் எண்ணம். ஏரியில் தனியாகப் பார்க்கும்போது அது ஒரு விசித்திரப் பொருளாகத் தெரிகிறது. அந்த ஊர்களைப் பார்த்த பிறகுதான், அதைச் சுற்றி ஒரு தெரு இருந்திருக்கும், கீழே ஒரு கதவு இருந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் அங்கே நின்று பேசியிருப்பார்கள் என்பது உறைக்கிறது.

ஒரு ஊர்க் கோவில் எப்படி ஏரிக்குள் போனது?

ஏரிதான் ஊருக்கு வந்தது. இந்தப் பகுதியில் இயற்கையாகவே மூன்று ஏரிகள் வரிசையாக இருந்தன. மேலே பழைய ரெஷென் ஏரி, நடுவில் மிட்டர் ஏரி, கீழே ஹைடர் ஏரி. எட்ஷ் ஆறு இங்கேதான் பிறக்கிறது. இத்தாலியில் அதற்கு அடிஜே என்று பெயர், போ ஆற்றுக்கு அடுத்து அந்த நாட்டின் இரண்டாவது நீளமான ஆறு. மேலே இருந்த இரண்டு ஏரிகளுக்கு இடையிலும் கரைகளிலும் வயல்கள், வீடுகள், கிரௌன் ஊர்.

நீர்மின் உற்பத்திக்காக இந்த ஏரிகளின் மட்டத்தை 5 மீட்டர் உயர்த்தலாம் என்று 1920-லேயே ஒரு திட்டம் இருந்தது. 5 மீட்டர் என்றால் ஊர் தப்பித்திருக்கும். 1939 ஜூலையில் மான்டெகாட்டினி நிறுவனம் வேறு ஒரு திட்டத்தோடு வந்தது. தாமிரச் சுரங்க நிறுவனமாக 1888-இல் தொடங்கி, பிறகு உரம், ரசாயனம் என்று பெருத்துப்போன நிறுவனம் அது, மின்சாரம் அதற்கு ஏராளமாகத் தேவைப்பட்டது. புதிய திட்டத்தில் மட்டம் 22 மீட்டர் உயரும். இரண்டு ஏரிகளும் ஒன்றாகும். கிரௌன் முழுவதும், பக்கத்து ஊரான ரெஷெனில் ஒரு பகுதியும் நீருக்குள் போகும்.

1940 ஏப்ரலில் வேலை தொடங்கியது. போர் அதை இழுத்தடித்தது. 1950 கோடையில் அணை முடிந்து தண்ணீர் நிறைந்தது.

எவ்வளவு போனது?

163 வீடுகள், 523 ஹெக்டேர் விளைநிலம். ஹெக்டேர் கணக்கு பழக்கமில்லாதவர்களுக்கு: ஏறக்குறைய 1,300 ஏக்கர். 1,500 மீட்டர் உயரத்தில் சமதளமான மண் என்பதே அரிது, சுற்றிலும் சரிவு. மாட்டுக்குத் தீவனப் புல், உருளைக்கிழங்கு, கொஞ்சம் தானியம் என்று அந்த மேல் பள்ளத்தாக்கு பிழைத்ததே அந்தச் சமதளத்தை நம்பித்தான். வீட்டை மேட்டில் கட்டிக்கொள்ளலாம். வயலை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போக முடியாது. அதனால்தான் வீடு போனவர்களில் பலர் அந்தப் பள்ளத்தாக்கையே விட்டுப் போனார்கள்.

கோவிலை இடித்தவர்கள் கோபுரத்தை மட்டும் ஏன் விட்டார்கள்?

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. மிகவும் வலிக்கிற கேள்வியும் இதுதான்.

நேரான பதில்: கோபுரம் பாதுகாக்கப்பட்ட பழங்காலச் சின்னம். மத்தியகாலக் கட்டடம் என்பதால் அதன் மேல் கைவைக்கக் கூடாது. மற்றவற்றுக்கு அந்தத் தகுதி இல்லை. ஆகவே ஆலயத்தின் மண்டபம், பங்குத்தந்தை வீடு, பண்ணை வீடுகள், தொழுவங்கள், கடைகள் எல்லாம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. கோபுரத்தைச் சுற்றி நின்றவை எல்லாம் போய், கோபுரம் மட்டும் தண்ணீருக்கு மிஞ்சியது.

கொஞ்சம் தேதிகளைப் பாருங்கள். கலை, வரலாற்றுச் சின்னங்களைக் காப்பதற்கென்று இத்தாலி ஒரு விரிவான சட்டம் கொண்டுவந்தது 1939 ஜூன் 1 அன்று. சட்ட எண் 1089. காலத்துக்குத் தக்க, நல்ல சட்டம், பல பத்தாண்டுகளுக்கு அந்த நாட்டின் பழஞ்செல்வங்களைக் காத்தது. அடுத்த மாதமே, 1939 ஜூலையில், 22 மீட்டர் திட்டம் வருகிறது. ஒரே அரசு, ஒரே கோடை. ஒரு பழைய கல் கோபுரத்துக்கு மதிப்பு இருக்கிறது, அதை அழிக்கக் கூடாது என்று சொல்ல அந்த அரசுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கோபுரத்தடியில் ஞானஸ்நானம் பெற்று, கல்யாணம் செய்து, புதைக்கப்பட்ட தலைமுறைகளின் ஊருக்கும் அப்படி ஒரு மதிப்பு உண்டு என்று சொல்ல ஒரு சட்டமும் இல்லை.

பாதுகாப்பு என்ற சொல்லுக்கு நாம் என்ன எல்லை போடுகிறோம் என்பதுதான் எனக்கு இங்கே முக்கியமாகப் படுகிறது. கோபுரத்தைக் காப்பாற்றியது சரியான காரியம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது நிற்காவிட்டால் கிரௌன் என்று ஓர் ஊர் இருந்ததே வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு மணிக்கோபுரம் எதற்கு? திருப்பலிக்குக் கூப்பிட, நெருப்புப் பிடித்தால் எச்சரிக்க, யாராவது இறந்தால் ஊருக்குச் சொல்ல. கேட்பதற்கு ஆள் வேண்டும். கேட்கிறவர்களையெல்லாம் அனுப்பிவிட்டுக் கல்லை மட்டும் வைத்துக்கொண்டால், காக்கப்பட்டது பாதிதான்.

ஊர் மக்கள் எதிர்க்கவில்லையா?

எதிர்த்தார்கள். ஆனால் அவர்கள் எந்த நிலையில் இருந்து எதிர்த்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

திட்ட அறிவிப்பு இத்தாலிய மொழியில் வந்தது. ஊரோ ஜெர்மன் பேசும் ஊர், இத்தாலிய மொழியில் ஓர் அரசாங்கக் காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் குறைவு. குறித்த நாட்களுக்குள் ஆட்சேபம் சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஆட்சேபம் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாமல் போனது.

அப்புறம், அதே 1939-இல் ஹிட்லரும் முசோலினியும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். தெற்கு டிரோலின் ஜெர்மன் பேசும் மக்கள் ஒன்று ஜெர்மனிக்குக் குடிபெயர வேண்டும், அல்லது இத்தாலியிலேயே இருந்து தங்கள் மொழியையும் அடையாளத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டும். ஆண்டு முடிவதற்குள் முடிவைச் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் போவதாகக் கையெழுத்திட்டார்கள். போர் குறுக்கிட்டதால் அவர்களில் சுமார் 75,000 பேர்தான் உண்மையில் போனார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று சண்டை. "இந்த ஊரில் இருக்கப் போகிறோமா, இல்லையா?" என்பதே தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தவர்களிடம்தான் ஏரித் திட்டம் வந்தது. ஆட்சேபிக்க அதைவிட மோசமான நேரம் இருந்திருக்க முடியாது.

போர் முடிந்தது, முசோலினி போனார். 1946-இல் ஆஸ்திரியாவும் இத்தாலியும் தெற்கு டிரோல் மக்களின் உரிமைகள் பற்றி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. சரி, இனி நம் பேச்சு எடுபடும் என்று கிரௌன் மக்கள் நம்பினார்கள். எடுபடவில்லை. பாசிச அரசு கொடுத்த அனுமதியைப் புதிய குடியரசு அப்படியே ஏற்றுக்கொண்டது. பங்குத்தந்தை ஆல்ஃபிரட் ரீப்பர் மனுக்கள் எழுதினார், ஊர்க்காரர்களைத் திரட்டினார். கூட்டங்கள் நடந்தன, ஆர்ப்பாட்டம் நடந்தது. ஆட்சி மாறினாலும் அணையின் கணக்கு மாறவில்லை.

போப்பாண்டவரைச் சந்தித்ததாகச் சொல்கிறார்களே?

ஆமாம். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸைச் சந்தித்து முறையிட அவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. ஒரு மலைக்கிராமத்துக் குடியானவர்கள் வத்திக்கான் வரை போனார்கள் என்பதே அவர்கள் எவ்வளவு முயன்றார்கள் என்பதற்குச் சாட்சி. பலன் இல்லை.

இதில் சுவிட்சர்லாந்துக்கு என்ன சம்பந்தம்?

பணச் சம்பந்தம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் உறுத்துகிற பகுதி இது.

போருக்குப் பின் மான்டெகாட்டினியிடம் அணையை முடிக்கப் போதிய பணம் இல்லை. 1947-இல் சுவிட்சர்லாந்தின் எலெக்ட்ரோவாட் நிறுவனம் 3 கோடி சுவிஸ் பிராங்க் கொடுத்தது. பதிலுக்குப் பத்து ஆண்டுகள் பருவகால மின்சாரம். சுவிஸ்காரர்களுக்கு எல்லைக்கு அப்பால் போய்ப் பணம் போட வேண்டிய தேவை ஏன் வந்தது? சொந்த நாட்டில் ஒரு கிராமம் முடியாது என்று சொல்லிவிட்டது. அது ஷ்ப்ளூகன். கிரிசன்ஸ் மாநிலத்தில், பின்-ரைன் ஆற்றின் கரையில் உள்ள பழைய ஊர். அங்கேயும் இதே மாதிரி ஒரு பெரிய நீர்த்தேக்கத் திட்டம், ஊர் மூழ்கும். ஆனால் கிரிசன்ஸ் மாநிலத்தில் ஆற்று நீரின் மேல் உரிமை உள்ளூர்ச் சமூகத்துக்கு. ஷ்ப்ளூகனும் அக்கம்பக்கத்து ஊர்களும் சம்மதிக்க மாட்டோம் என்றன. மேலே மேலே முறையீடு போய், 1946-இல் சுவிஸ் கூட்டாட்சி அரசே அந்த மறுப்பை உறுதி செய்தது. ஷ்ப்ளூகன் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது.

இரண்டு ஊர்களும் ஆல்ப்ஸ் மலையில்தான். இரண்டிலும் குடியானவர்கள்தான். ஓர் ஊருக்கு "முடியாது" என்று சொல்லும் சட்ட உரிமை இருந்தது, இன்னோர் ஊருக்கு இல்லை. ஷ்ப்ளூகன் மக்கள் மேல் எந்தக் குறையும் சொல்ல முடியாது. அவர்கள் தங்கள் ஊரைக் காத்தார்கள். அந்த உரிமை கிரௌனுக்கும் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

தண்ணீர் ஒரே நாளில் வந்ததா?

இல்லை. 1949 கோடையிலேயே சோதனைக்காக நீரைத் தேக்கினார்கள். மக்கள் இன்னும் வீடுகளில்தான் இருந்தார்கள். நிலவறைகளில் தண்ணீர் புகுந்தது, வயல்கள் நனைந்தன. அடுத்த கோடையில் முழுவதும் முடிந்தது. போக இடமில்லாத குடும்பங்களுக்கு, லாங்டவுஃபெர்ஸ் பள்ளத்தாக்கு தொடங்கும் இடத்தில் மரத்தாலான தற்காலிகக் கொட்டகைகள் போட்டுக் கொடுத்தார்கள். 1,500 மீட்டர் உயரத்தில் குளிர்காலம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த வரியே போதும்.

குளிர்காலத்தில் ஏரிக்கு அடியிலிருந்து மணியோசை கேட்கும் என்பது உண்மையா?

அப்படி ஒரு கதை உண்டு. மணிகளை 1950 ஜூலை 18 அன்றே, ஆலயம் தகர்க்கப்படுவதற்குச் சில நாள் முன்பு, கோபுரத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். கோபுரத்தில் மணி இல்லை. மணி இல்லாத கோபுரத்திலிருந்து சத்தம் வராது.

கதையைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை. ஒரு ஊரின் மணி நின்றுபோவது என்பது அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சின்ன விஷயமில்லை. அப்படிப்பட்ட இடத்தில் இந்த மாதிரிக் கதை பிறக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் பேய்க் கதை ஆக்கி, மர்ம ஏரி என்று தலைப்புப் போட்டு வருகிற வீடியோக்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. இங்கே மர்மம் எதுவும் இல்லை. என்ன நடந்தது, யார் செய்தார்கள், எந்த ஆண்டில் செய்தார்கள் எல்லாம் தெரியும்.

கோபுரம் எப்போதும் தண்ணீரிலேயே நிற்கிறதா?

எப்போதும் இல்லை. இது இயற்கை ஏரி கிடையாது, மின்சாரத்துக்கான தேக்கம், ஆகவே மட்டம் பருவத்துக்குப் பருவம் மாறும். கோடையில் மலைப்பனி உருகி வரும் நீரைச் சேர்க்கிறார்கள். குளிர்காலத்தில் பெய்வதெல்லாம் பனியாக மலையிலேயே தங்கிவிடும், வரத்து குறைவு. ஆனால் மின்சாரத் தேவை அப்போதுதான் அதிகம். அதனால் குளிர்காலம் முழுக்க நீர் இறங்கிக்கொண்டே போய், வசந்தத்தில், அதாவது ஏப்ரல், மே வாக்கில், ஏரி மிகவும் வற்றியிருக்கும். பிறகு திரும்ப நிறையும்.

வற்றிய ஏரியைப் பார்க்க அழகாக இருக்காது. சாம்பல் நிறச் சேறு, காய்ந்த இடங்களில் வெடிப்பு, நடுவில் கோபுரம். படம் எடுக்க வந்தவர்கள் ஏமாந்துபோவார்கள். என்னைக் கேட்டால் அந்த நேரமும் பார்க்க வேண்டிய நேரம்தான். இது ஓர் ஊரின் தரை என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

2021-இல் ஊரே வெளியே வந்ததாமே?

பராமரிப்பு வேலைக்காக அந்த ஆண்டு ஏரியை வழக்கத்தைவிட அதிகமாக வடித்தார்கள். வீட்டுச் சுவர்களின் அடிப்பகுதி, நிலவறைகள், கல் படிகள் எல்லாம் எழுபது ஆண்டுக்குப் பிறகு வெளியே தெரிந்தன. முழு வீடு எதுவும் இல்லை. தண்ணீர் வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் தகர்த்துவிட்டார்களே. எங்கேயோ போக வேண்டிய ஒரு படிக்கட்டு, நாலைந்து கல்லோடு நின்றுவிடுகிறது. படங்கள் உலகம் முழுக்கப் பரவின. பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து அந்த இடிபாடுகளுக்கு நடுவே நடந்தார்கள். பிறகு ஏரி திரும்ப நிறைந்துவிட்டது.

இத்தனை ஆண்டுகள் தண்ணீரில் நின்றும் இடியவில்லையே, எப்படி?

கோபுரச் சுவர்கள் கனமானவை, அது ஒரு காரணம். ஆனால் தானாக நிற்கிறது என்று நினைக்க வேண்டாம். கல்லுக்குத் தண்ணீரைவிட ஆபத்து, தண்ணீர் ஏறி இறங்குவதும் உறைவதும். சுண்ணாம்புக் காரையின் இடுக்குகளில் நீர் புகும், குளிரில் உறைந்து விரியும், விரியும்போது காரையைத் தள்ளும், வெயிலில் உருகும். ஒவ்வொரு ஆண்டும் இதே வேலை. ஏரி உறையும்போது பனிக்கட்டியும் சுவரை நெருக்கும். அதனால் 2009-இல் கோபுரத்தைச் சீரமைத்தார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற பட்டத்துக்கு அர்த்தம் இருப்பது இந்த மாதிரி வேலையில்தான்: யாராவது போய் விரிசலைப் பார்க்க வேண்டும், யாராவது அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

ஏரி நீர் என்ன ஆகிறது?

மலைக்குள் குடைந்த சுரங்கக் குழாய் வழியாகப் பள்ளத்தாக்கின் கீழே ஷ்லுடெர்ன்ஸ் பக்கம் உள்ள மின்நிலையத்துக்குப் போகிறது. மேலே 1,498 மீட்டர், கீழே 920 மீட்டர் வாக்கில். அந்த வீழ்ச்சிதான் இந்த ஏரியின் மதிப்பு. ஏரியில் 12 கோடி கனமீட்டர் வரை நீர் கொள்ளும், பரப்பு சுமார் 6.6 சதுர கிலோமீட்டர். மாகாணத்திலேயே பெரிய ஏரி இதுதான். இன்றும் மின்சாரம் எடுக்கிறார்கள்.

இப்போது கிரௌன் என்று ஊர் இல்லையா?

இருக்கிறது. ஏரிக் கரையில், உயரமான இடத்தில் புதிய கிரௌன் கட்டப்பட்டது. புது ஆலயம், பள்ளி, விடுதிகள் எல்லாம் உண்டு. மலை விவசாயம் கொஞ்சம், சுற்றுலா நிறைய. ஊராட்சியின் சின்னத்திலேயே நீரிலிருந்து எழும் கோபுரத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். பழைய ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு சிறு அருங்காட்சியகமும் இருக்கிறது. கோபுரத்தைப் படம் எடுத்துவிட்டு உடனே வண்டியேறாமல் அதையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்பது என் வேண்டுகோள்.

இது மாதிரி வேறு இடங்கள் உண்டா?

உண்டு. ஸ்பெயினில் கத்தலோனியாவின் சௌ நீர்த்தேக்கத்தில் சான் ரோமா என்ற ஊரின் ஆலயம் இருக்கிறது. அது இன்னும் பழையது, 11-ஆம் நூற்றாண்டு. 1960-களில் மூழ்கியது. 2023-இல் கடும் வறட்சி வந்தபோது ஆலயம் முழுவதும் தரையில் நின்றது. இத்தாலியின் தஸ்கனியில் வாலி ஏரிக்கு அடியில் ஃபப்ரிக்கே தி கரெஜினே என்ற ஊர் கிடக்கிறது. 1994-இல் ஏரியை வடித்தபோது ஏராளமான மக்கள் போய்ப் பார்த்தார்கள். சுவிட்சர்லாந்தின் மார்மொரேரா 1954-இல் சூரிக் நகரத்தின் மின்சாரத்துக்காக மூழ்கியது. அங்கே அணைக்கு ஊரே வாக்களித்துச் சம்மதித்தது. ஆனால் நீருக்கு மேலே எதுவும் மிஞ்சவில்லை. அதனாலோ என்னவோ அந்தப் பெயர் வெளியே அவ்வளவாகத் தெரியவில்லை.

உறைந்த ஏரியின் மேல் கோபுரம் வரை நடந்து போகலாமா?

நல்ல குளிரில் ஏரி கெட்டியாக உறையும், அப்போது ஆட்கள் நடந்து போய்க் கோபுரச் சுவரைத் தொட்டுப் பார்க்கிறார்கள். பனியில் காற்றாடி கட்டிச் சறுக்குகிறவர்களும் வருவார்கள், அந்தக் கணவாயில் காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் இது மின்தேக்கம் என்பதை மறக்காதீர்கள். மேலே பனிக்கட்டி இருக்கும்போதே அடியில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டிருக்கும், கரையோரம் பனிக்கட்டி தொங்கி வெடிக்கும். உள்ளூர்க்காரர்களைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

எப்படிப் போவது? எப்போது போவது?

இத்தாலிப் பக்கமிருந்து வருபவர்கள் மெரான் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து வின்ஷ்காவ் ரயிலில் மால்ஸ் வரை வரலாம். பல ஆண்டுகள் மூடிக்கிடந்த இந்தப் பாதை 2005-இல் திரும்பத் திறக்கப்பட்டது. மால்ஸிலிருந்து பேருந்து. ஆஸ்திரியப் பக்கமிருந்து லாண்டெக் வழியாகக் கணவாயைத் தாண்டி வரலாம். கோபுரம் நெடுஞ்சாலைக்கு மிகவும் பக்கம், தேடவே வேண்டாம்.

கோபுரம் நீருக்கு நடுவில் தெரிய வேண்டும் என்றால் ஜூலை முதல் இலையுதிர்காலம் வரை. காலையில் சீக்கிரம் போனால் கூட்டமும் இருக்காது, காற்றும் குறைவாக இருக்கும்.

அக்கம்பக்கத்தில் என்ன பார்க்கலாம்?

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் பள்ளத்தாக்கில் கீழே இறங்குங்கள். மால்ஸில் புனித பெனடிக்ட் ஆலயத்தில் 9-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் இருக்கின்றன. புர்கைஸுக்கு மேலே மலைச்சரிவில் மரியன்பெர்க் மடம், பெனடிக்டின் துறவிகளுடையது. அதன் நிலவறை ஆலயத்தில் 12-ஆம் நூற்றாண்டில் தீட்டிய தேவதூதர்கள் நிறம் மங்காமல் இருக்கிறார்கள். காரணம், பல காலம் அந்த ஓவியங்கள் பிந்தைய கட்டுமானத்துக்குப் பின்னால் மறைந்து கிடந்தன. அப்புறம் குளுர்ன்ஸ், இன்றும் முழு மதில் சுற்றி நிற்கும் குட்டி நகரம். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தூரத்தில்தான், சைக்கிளிலேயே போகலாம். ரோமானியர் காலத்து கிளாவ்தியா அகுஸ்தா பெருவழியின் பெயரில் ஒரு சைக்கிள் பாதை கணவாயிலிருந்து ஏரிக்கரை வழியாகவே கீழே இறங்குகிறது. பெரும்பாலும் இறக்கம் என்பதால் மேலிருந்து தொடங்குவது நல்லது.